பெர்லினுக்குப் போகும் பிள்ளைக்கு என்ன சொல்லி அனுப்புவது?

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் பெட்டியை நிரப்புவதில் நம் வீடுகள் கைதேர்ந்தவை. குக்கர், அதற்கு மாற்று காஸ்கெட், ஆறு மாதத்துக்கு வரும் சாம்பார்ப்பொடி, மூன்று சுற்று பிளாஸ்டிக் உறை போட்ட ஊறுகாய்ப் பாட்டில். விமான நிலையத்தில் எடை கூடினால் எதை வெளியே எடுப்பது என்பதுகூட முன்பே பேசி முடிவாகியிருக்கும். பெட்டிக்கு அடுத்தது அறிவுரை. "நேரத்துக்குப் போ. சத்தமாகப் பேசாதே. சிவப்பு விளக்கில் ரோட்டைத் தாண்டாதே. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே அரிசி வாங்கி வை." முன்னால் போன சீனியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இந்தப் பட்டியலில் பெரிய பிழை எதுவும் இல்லை. ஆனாலும் இதை வரிவிடாமல் படித்துவிட்டுப் போன பிள்ளை, முதல் மாதத்திலேயே பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு புகாரும் டிக்கெட் பரிசோதகரிடம் ஓர் அபராதச் சீட்டும் வாங்கிவிடுவது உண்டு.

பட்டியலில் இல்லாத சூழ்நிலை வரும்போது பட்டியல் கைவிட்டுவிடுகிறது. அப்படியானால் வெளிநாட்டு நகரத்துக்குப் போகும் மாணவருக்கு எவ்வகைப் பண்பாட்டு அறிவுரை உண்மையிலேயே பயன்படும்? பெர்லினை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியை ஆராய்வோம். ஹம்போல்ட், ஃப்ரையே, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று மூன்று பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் அங்கே உள்ளன. பெரும்பாலான படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஒருமுறை கட்டும் சிறு தொகை மட்டும்தான். அதனால் நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் அங்கே போக முடிகிறது.

ஆய்வுகள் சொல்வது

பழகிய அடையாளங்கள் எல்லாம் ஒரே நாளில் கையைவிட்டுப் போவதால் வரும் பதற்றத்தை, மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இல் எழுதிய கட்டுரையில் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்ற பெயரில் விளக்கினார். அதற்கு ஐந்தாண்டு முன்பே, ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், முதலில் உற்சாகம், நடுவில் சோர்வு, பிறகு தேறுதல் என்ற வரிசையைச் சொல்லியிருந்தார். 'ஆரம்பத்தில் தேனிலவு, அப்புறம்தான் கஷ்டம்' என்று இன்றும் பலர் சொல்வது இதன் நிழல்தான்.

பிந்திய ஆய்வுகள் இதை அப்படியே ஏற்கவில்லை. நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைக் காலீன் வார்டும் சக ஆய்வாளர்களும் தொடர்ந்து கவனித்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். சிரமம் உச்சத்தில் இருந்தது போய் இறங்கிய வேளையில்தான். தேனிலவு இருக்கும், ஓய்வாகக் கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு இது பலத்த அடி. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பு சொல்லும் சொல்லுக்கே மதிப்பு அதிகம். எனவே அந்தச் சொல்லில் என்ன இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

நேரம் யாருடையது?

'டெர்மின்' என்ற சொல்லை மாணவர் முதல் வாரத்திலேயே கற்றுவிடுவார். முன்கூட்டிக் குறித்த சந்திப்பு நேரம் என்று பொருள். மருத்துவர், வங்கி, நகர அலுவலகம், பேராசிரியர் எல்லாவற்றுக்கும் டெர்மின். நண்பரோடு காபி குடிப்பதற்கும் இரண்டு வாரத்துக்கு முன்பே நாள் குறிப்பார்கள். நம் ஊரில் வீட்டை விட்டுக் கிளம்பாமலே "வந்துட்டே இருக்கேன்" என்பது பொய்யாகக் கருதப்படுவதில்லை. வருவேன் என்ற உறுதிமொழி அது. அங்கே குறித்த நேரம் எதிரில் இருப்பவரின் சொத்து. பத்து நிமிடம் தாமதமானால் அவருடைய பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டதாகக் கணக்கு. முன்பே தகவல் சொல்லிவிட்டால் பெரும்பாலும் மன்னித்துவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை, ஜெர்மன் ரயில்களே நேரத்துக்கு வருவதில்லை. 2024இல் நீண்டதூர ரயில்களில் சுமார் 62 விழுக்காடு மட்டுமே குறித்த நேரத்தில் ஓடின. தேர்வுக்கோ விசா அலுவலகத்துக்கோ போகிறவர் ஒரு வண்டி முன்னதாகவே ஏறுவது நல்லது.

பல்கலைக்கழகத்துக்கென்று தனி நேரமும் உண்டு. கால அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று இரண்டு லத்தீன் எழுத்துகள் இருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும், 'எஸ்.டி.' என்றிருந்தால் சரியாக 10க்கு. 'கல்விக் கால்மணி' எனப்படும் இந்தப் பழைய வழக்கம் தெரியாமல் காலியான அறையில் கால்மணி நேரம் விழித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் பலர்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கடைகள் மூடியிருப்பது வெறும் பழக்கம் என்று நினைத்தால் எரிச்சல்தான் வரும். வேலைக்கு ஓய்வு தரும் நாளாக ஞாயிற்றுக்கிழமை காக்கப்பட வேண்டும் என்று 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பு சொன்னது. 1949இல் எழுதப்பட்ட இன்றைய அரசியலமைப்பு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் கொண்டுவந்த ஏற்பாட்டை, கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் செல்லாததாக்கியது. பெரிய ரயில் நிலையக் கடைகள் போன்றவை விதிவிலக்கு. கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கும் குடும்பம் உண்டு என்ற வாதம் இதன் பின்னால் இருக்கிறது. அது தெரிந்தவருக்கு, அன்று பால்கனியில் துளைபோடும் இயந்திரத்தை ஓட்டக்கூடாது, கண்ணாடிப் பாட்டில்களைத் தொட்டியில் உடைத்துப் போடக்கூடாது என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாசல்மணியில் பெயர்

பெர்லின் அடுக்குமாடிகளில் வீட்டு எண் பெரும்பாலும் கிடையாது. தெருவும் கட்டட எண்ணும்தான் முகவரி. அதற்குள் நாற்பது குடித்தனங்கள் இருந்தாலும், தபால்காரர் கடிதப்பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் ஒட்டாதவருக்குக் கடிதம் திரும்பிப் போகும். வங்கி அட்டையின் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில் வரும் நாட்டில் இது சிறிய விஷயமல்ல.

நம்மவருக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். நம் பெயர் ஒற்றைப் பெயர். முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. ஜெர்மன் படிவத்தில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்க முடியாது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் ஏறியிருந்தால், அலுவலகத்தில் "ஃப்ராவ் முருகேசன்" என்று கூப்பிடும்போது அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று பெண் திரும்பிப் பார்ப்பாள். எப்படியிருந்தாலும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலே வாடகை ஒப்பந்தம், வங்கி, பல்கலைக்கழகம், வாசல்மணி எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மாறினாலும் அதைச் சரிசெய்ய இன்னொரு டெர்மின் வேண்டும்.

குடியேறிய 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். மாணவர்கள் 'அன்மெல்டுங்' என்பது இதைத்தான். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று இதற்குத் தேவை. வீட்டுத் தட்டுப்பாடு மிகுந்த நகரம் என்பதால், அறையைக் கண்ணில் காட்டாமலே முன்பணம் கேட்கும் மோசடிக்காரர்கள் பலர். பதிவுச்சான்று தர மறுப்பவரிடம் அறை எடுக்காதீர்கள். நேரிலோ நம்பகமானவர் மூலமோ பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பாதீர்கள். பதிவானதும் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். 2021 முதல் மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்று. டிவி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது, அறைத்தோழர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம்.

சுரங்க ரயிலில் தடுப்புக் கதவு கிடையாது. யாரும் கேட்காமலே உள்ளே போகலாம். இதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. சாதாரண உடையில் வரும் பரிசோதகர் பெட்டிக் கதவு மூடிய பிறகு அட்டையைக் காட்டுவார். டிக்கெட் இல்லாவிட்டாலும், வாங்கி முத்திரை குத்த மறந்திருந்தாலும் 60 யூரோ. "ஊருக்குப் புதுசு" என்ற விளக்கம் எடுபடாது. கதவு வைக்காமல் பயணியை நம்பியிருக்கிறார்கள். நம்பிக்கையை மீறினால் தண்டனை. டோரன்டில் தமிழ்ப் படம் இறக்கியவருக்கு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து நூற்றுக்கணக்கான யூரோ கேட்டு வரும் கடிதமும் இந்த வகைதான். காவல்காரர் நிற்கவில்லை என்பதற்காகக் காவல் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

தாளிப்பும் சன்னலும்

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பெர்லினில் இது சட்டம். நள்ளிரவில் ஊருக்கு வீடியோ அழைப்பில் கத்திப் பேசினால் மேல்மாடிக்காரர் கதவைத் தட்டலாம், காவல்துறையையும் அழைக்கலாம். நேரில் வந்து சொல்லாமல் படிக்கட்டில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவதைப் பகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முகம் பார்த்துச் சண்டை வேண்டாம் என்பதற்கான வழி அது.

சமையலுக்குத் தடையில்லை, புகைக்குத்தான் தடை. குடியிருப்பு அறைகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திச் சன்னலை முழுதாகத் திறப்பது எல்லோருக்கும் நல்லது. குளிர்காலத்திலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை சன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விட வேண்டும் என்று வீட்டுக்காரர் வற்புறுத்துவார். நமக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். காற்றுப் புகாத சன்னல் போட்ட வீட்டில் குளியல் ஈரமும் குக்கர் ஆவியும் சுவரில் பூஞ்சையாகப் படியும். அதைச் சுரண்டிப் பூசும் செலவு, மூன்று மாத வாடகை வரை போகக்கூடிய முன்பணத்திலிருந்து கழியும்.

குப்பையைத் தாள், கண்ணாடி, உயிரிக்கழிவு, பிளாஸ்டிக், மீதி என்று பிரிக்க வேண்டும். பாட்டிலுக்கு முன்பணம் உண்டு: ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும் 25 சென்ட், திரும்ப நிரப்பும் கண்ணாடிக்கு அதைவிடக் குறைவு. கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், கல்லாவில் காசாகும். தெருவில் குடித்து முடித்த பாட்டிலைத் தொட்டிக்குள் எறியாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பாட்டில் பொறுக்கி வாழ்கிறவர் குப்பைக்குள் கை விட வேண்டாம் என்ற நினைப்பு.

'பார்க்கலாம்' என்ற சொல்

தமிழில் 'பார்க்கலாம்' என்றால் பாதிக்கு மேல் 'முடியாது'. கேட்டவருக்கும் அது தெரியும். பெர்லினில் அப்படிச் சொன்னால் அடுத்த வாரம் "பார்த்தாயா?" என்று கேட்பார்கள். அவர்கள் 'இல்லை' என்றால் இல்லைதான். அதில் கோபம் கிடையாது. விருந்தில் இரண்டாவது முறை பரிமாற வரும்போது "போதும்" என்று மரியாதைக்குச் சொன்னால் தட்டு உடனே போய்விடும். மூன்றாம் முறை வற்புறுத்தும் அத்தை அங்கே இல்லை. பசித்தால் 'வேண்டும்' என்று சொல்லிவிட வேண்டும். நம் தலையாட்டலும் சிக்கல்தான். பக்கவாட்டில் ஆட்டி நாம் சொல்லும் 'சரி', அவர்கள் கண்ணுக்கு 'இல்லை'.

முன்னிலையில் 'ஸீ', 'டூ' என்று இரண்டு. நீங்கள், நீ என்ற நம் வேறுபாட்டைத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. மாணவர்கள் தங்களுக்குள் முதல் நாளே 'டூ'. பேராசிரியரும் அலுவலரும் 'ஸீ'. பெரியவரோ பதவியில் உள்ளவரோ முன்வந்து மாற்றும்வரை அப்படியே. ஆனால் 'ஸீ' என்பதில் பணிவு இல்லை, இடைவெளி மட்டும்தான் உண்டு. 'நீங்கள்' என்று அழைத்துக்கொண்டே பேராசிரியரின் கருத்தை வகுப்பில் மறுக்கலாம், மறுக்க வேண்டும். பேசாமல் குறிப்பெடுக்கும் மாணவரைப் படிக்காமல் வந்தவர் என்று நினைத்துவிடக்கூடும். உரை முடிந்ததும் மேசையை விரலால் தட்டுவார்கள். அது அங்கே கைதட்டல்.

பிறர் எழுதியதைச் சொல்லாமல் எடுத்தாள்வது எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஃப்ரையே பல்கலைக்கழகத்தில் பெற்ற முனைவர் பட்டத்தை ஆய்வேட்டுப் பிழைகளுக்காகப் பிரான்சிஸ்கா கிஃபாய் 2021 ஜூனில் இழந்தார். அதற்குச் சில வாரம் முன்புதான் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்தார். அமைச்சரின் ஆய்வேட்டையே அடிக்குறிப்பு அடிக்குறிப்பாகச் சரிபார்த்த நாட்டில், மாணவரின் பருவக் கட்டுரைக்குச் சலுகை கிடைக்காது.

நினைவு பதிந்த தெருக்கள்

வாட்ஸ்அப் பட்டியல்கள் தொடாத, ஆனால் பெர்லினில் மிகவும் வேண்டிய பாடம் இது. ஹம்போல்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிரே பேபெல் சதுக்கம். 1933 மே 10 இரவு நாஜி மாணவர் அமைப்பினர் முன்னின்று ஆயிரக்கணக்கான நூல்களை எரித்தது அங்கேதான். தரையில் ஒரு கண்ணாடி. அதன் வழியே குனிந்து பார்த்தால் நிலத்தடியில் வெறும் புத்தக அலமாரிகள் தெரியும். இஸ்ரேலியச் சிற்பி மீகா உல்மன் 1995இல் அமைத்தது. படித்தவர்கள் எரித்தார்கள் என்பதை மறக்க முடியாத இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

நடைபாதையில் உள்ளங்கை அளவு பித்தளைக் கற்கள் பதிந்திருக்கும். அந்த வீட்டில் வாழ்ந்து, இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டவரின் பெயரும் ஆண்டும் அதில் இருக்கும். கலைஞர் குன்டர் டெம்னிக் தொடங்கிய பணி இது. பிராண்டன்பர்க் வாயிலுக்கு அருகே 2,711 கான்கிரீட் கட்டைகளால் ஆன யூத நினைவிடத்தில் தாவிக் குதித்து ரீல்ஸ் எடுப்பவர்களைப் பார்த்தால் நகரவாசிகள் முகம் சுளிப்பது இதனால்தான்.

நம் பிள்ளைகளுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டியது இரண்டு. முதலாவது, ஹிட்லர் பெயரை விளையாட்டுக்கும் எடுக்கக் கூடாது. 1891இல் திருவனந்தபுரத்தில் பிறந்து 1934இல் பெர்லினில் இறந்த செண்பகராமன் பிள்ளை ஹிட்லரோடு வாதிட்டார் என்ற கதையையும், நேதாஜி 1942இல் ஹிட்லரைச் சந்தித்த செய்தியையும் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் தொலைதூரச் சரித்திரம். அங்கே அது தாத்தா பாட்டி காலத்துக் குடும்ப விஷயம். 2017இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் நாஜி வணக்கம் செய்து படமெடுத்த இரண்டு சீனச் சுற்றுலாப் பயணிகளைக் காவல்துறை பிடித்துச் சென்றது. இரண்டாவது, சுவஸ்திகா. நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. கோயிலிலும் பூஜையிலும் வரும் சுவஸ்திகா வேறு என்று விளக்க முடியும். ஆனால் புது அறையின் கதவில் குங்குமத்தால் வரைந்ததைப் பார்த்துத் திடுக்கிடும் யூத அயலாருக்கு விளக்கம் பிறகுதான் வந்து சேரும். பூஜையறைக்குள் வைத்துக்கொள்வதே முறை.

பிறரைக் கேட்காமல் படம் எடுக்காதே என்பதும் இந்த நினைவோடு சேர்ந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஒற்றர் துறை விட்டுச்சென்ற கோப்புகளை வரிசையாக அடுக்கினால் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். மேற்கிலோ, தன்னைப் பற்றிய தகவலைத் தானே ஆளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 1983இல் நீதிமன்றம் அறிவித்தது. இவற்றை அறிந்தவர் "சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆயிற்றா?" என்று அறிமுகமான அன்றே கேட்கமாட்டார். ஏரிக்கரையில் ஆடையின்றி வெயில் காய்கிறவர்களைக் கண்டால் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நடப்பார்.

நம்மவரிடமும் கற்க வேண்டியது

பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. ஈழத் தமிழர்கள் எழுப்பியது. ஊர் நினைவு வரும்போது மாணவர் கால் அங்கே போகும். 1980களில் போரிலிருந்து தப்பியவர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் ரயிலில் வந்து அடைக்கலம் கேட்டார்கள். மேற்கு ஜெர்மனி விசா இல்லாத தமிழருக்குக் கடப்பு அனுமதி தருவதைக் கிழக்கு ஜெர்மனி 1985இல் நிறுத்தியதும் அந்த வழி அடைபட்டது. விசாவும், வங்கியில் 11,904 யூரோ முடக்கிய கணக்கும், திரும்பும் ஊரும் உள்ள மாணவருக்கும் அவர்களுக்கும் மொழி ஒன்று, பயணம் ஒன்றல்ல. "அண்ணா, எப்படி இங்க வந்தீங்க?" என்ற கேள்வி பழகிய பிறகுகூட வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லையும் முடிவும்

இவ்வளவும் சொன்னபிறகு இரண்டு எச்சரிக்கைகள். பெர்லின் ஒரே முகம் கொண்ட நகரமல்ல. துருக்கியக் கடைத்தெருவில் பேரம் பேசலாம். நடு இரவில் சிவப்பு விளக்கைக் கடக்கும் பெர்லின்காரர்களும் உண்டு. அருகில் குழந்தை நின்றால் அவர்களும் நிற்பார்கள். அடுத்து, நிறத்தைப் பார்த்து அறை மறுப்பதும் பேருந்தில் வசைபாடுவதும் பண்பாட்டு வேறுபாடுகள் ஆகா. அவற்றை அனுசரித்துப் போகச் சொல்லும் அறிவுரை தவறு. பாகுபாட்டுக்கு எதிராக நாடு முழுவதற்கும் 2006 முதல் ஒரு சட்டம் உண்டு. அரசு அலுவலகங்களே பாகுபாடு காட்டினால் கேள்வி கேட்க, பெர்லின் 2020இல் தனிச் சட்டமும் கொண்டுவந்தது. பல்கலைக்கழகத்தின் ஆலோசனைப் பிரிவில் போய்ச் சொல்வது பிள்ளையின் உரிமை. உடல்நிலைக்கும் நெருப்புக்கும் 112, காவலுக்கு 110.

இதுவரை பார்த்த விதிகள் எல்லாம் முன்பின் தெரியாதவர்கள் ஒரே கூரையின் கீழ் மோதாமல் வாழ்வதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகள். நம் ஊரில் முகம் தெரிந்தவர் செய்யும் வேலையை அங்கே காகிதமும் கடிகாரமும் செய்கின்றன. அந்தக் காரணத்தோடு சொன்ன அறிவுரை, பட்டியலில் இல்லாத இடத்திலும் கைகொடுக்கும். அதனால் சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த செப்டம்பரில் கிளம்பப்போகும் தம்பி தங்கைகளுக்குப் பட்டியல் அனுப்பும்போது, ஒவ்வொரு 'செய்யாதே'க்குப் பக்கத்திலும் 'ஏன்' என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.